வெள்ளித்தாளில் வந்த பாசி

மனோர் பார்க்கில் சந்திரவதனாவின் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் அங்கே குளிர்சாதனப் பெட்டியைத் தாங்களாகத் திறக்க மாட்டார்கள். தயிர் என்று நினைத்து எடுக்கிற டப்பாவுக்குள் ஏதோ ஒரு பாலத்துக்கு அடியில் சுரண்டிய பாசி இருக்கும். அவளுடைய கணவர் ஆனந்தராஜா ஒருமுறை அதைக் கீரை என்று நினைத்துக் கடையப் போனதாகச் சொல்லிச் சிரிப்பார். அதை ஒருவரும் நம்புவதில்லை. அந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் போடவே தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் படிப்பித்தவள் அவள். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் லண்டனுக்கு வந்தபோது, அந்தப் படிப்புக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. அதற்காக அவள் மூக்கால் அழவில்லை. பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய மைக்கிறஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாசி பார்க்கிற வெள்ளைக்காரர் சங்கம் ஒன்றோடு சேர்ந்து கல்லறைச் சுவர், கால்வாய்க் கரை, ரெயில் பாலம் என்று அலைவாள். கோயிலில் விழுந்து கும்பிட முழங்கால் வலிக்கிறது என்பவள், அங்கே ஈர மண்ணில் முழங்காலிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடப்பாள். ஒரு பாசியைக் கையில் கொடுத்தால் இன்னதுதான் என்று முடிவு கட்டும்வரை விடமாட்டாள். முடிவு கட்டிவிட்டால் பிறகு யார் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டாள். அவளுடைய குணத்தில் நல்லதும் கெட்டதும் அதுதான்.

அவளுக்கு ஒரே தம்பி, பாஸ்கரன். தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, அவனைச் சோறூட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். அவனுக்குத் தாவரவியலில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். கண்டிக்குப் போனாலும் சரி, நுவரெலியாவுக்குப் போனாலும் சரி, திரும்பி வரும்போது சட்டைப் பையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்த ஒரு பிடி பாசி இருக்கும். "இந்தா, உன்ர கறிவேப்பிலை" என்று மேசையில் போடுவான். பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத சாதாரணப் பாசிதான். அதைச் சொல்லி அவள் திட்டுவாள், திட்டிவிட்டு எடுத்து வைப்பாள்.

எண்பத்தாறு ஆனி மாதம் பாஸ்கரன் புறப்பட்டான். கலியாணம் முடித்துச் சில மாதம்தான். மனைவி கல்யாணியை ஊரில் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் சொன்ன வழியில் இத்தாலிக்கு வந்து, அங்கிருந்து மலை கடந்து சுவிஸுக்குள் இறங்கி, பிறகு லண்டனுக்கு அக்காவிடம் வருவதாகத் திட்டம். இத்தாலியிலிருந்து ஒரு தடவை தொலைபேசியில் பேசினான். அதற்குப் பிறகு அவனுடைய குரலை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் ஒரு பொடியன் வீடு தேடி வந்தான். பெயர் பாலேந்திரா. பாஸ்கரனோடு மலையடிவரை வந்தவனாம். பிறகு பிரான்ஸில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்திருக்கிறான். ஆள் ஒல்லி, பார்வை நிலத்தில். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவன் சொன்னது இவ்வளவுதான்.

"மலையைக் கண்டு அவனுக்குப் பயம் வந்திட்டுது அக்கா. கீழ ரவுணிலயே, அந்த ஊருக்குள்ளயே நிண்டிட்டான். திரும்பிப் போறன், இத்தாலியில ஏதாவது வேலை பாக்கிறன் எண்டான். இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். வெள்ளித்தாள் மடிப்பு. சந்திரவதனா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க பிடுங்கினவன்?"

"ரவுணுக்குள்ள, தண்ணிக் குழாயடியில" என்றான் பாலேந்திரா.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பொடியனை இருத்தி வைத்து, நேரே பார்த்து, எந்த ஊர், எந்த நாள், அவன் என்ன உடுத்திருந்தான், நீ ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தாய் என்று குடைந்திருப்பார்கள். சந்திரவதனா அவனை அப்படியே விட்டுவிட்டு மைக்கிறஸ்கோப்புக்குப் போனாள். மனிதர் பொய் சொல்லுவார்கள், பாசி சொல்லாது என்பது அவளுடைய கணக்கு.

காய்ந்த பாசிக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை மாதம் கிடந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால், செத்துச் சுருண்ட இலைகள் நேற்றுத்தான் பிடுங்கியதுபோல விரியும். தட்டில் விரிந்ததை இடுக்கியால் பிரித்து, ஒரு தண்டை எடுத்தாள். இலை ஒன்றைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். உயிர்க்கலங்களின் கீழ்முனையில் சின்னச் சின்னக் குமிழ்கள். ஊற்றுப்பாசி. பாடப்புத்தகத்தில் அதற்குத் தமிழ்ப் பெயர் கிடையாது, அது அவளே வைத்த பெயர். தண்ணீர் கசிகிற எந்த இடத்திலும் வரும். மலை உச்சியிலும் வரும், ஊர்க் குழாயடியிலும் வரும். பாலேந்திரா சொன்னதோடு பொருந்தியது.

கொத்தின் ஓரத்தில் இன்னும் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிட விறைப்பாக, இலைகள் ஒழுங்காக. அதையும் அவள் கண்டாள். ஆனால் அதை எடுத்துப் பார்க்கவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. தம்பி உயிரோடு இருக்கிறான். அப்படியே எல்லாவற்றையும் உலர்த்தி, மடித்து, அலுமாரியில் வைத்தாள்.

அடுக்களைக்கு வந்து பாலேந்திராவிடம், "நீர் சொன்னது சரிதான் தம்பி. இருந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்று சொல்லி மீன்குழம்பு ஊற்றினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பயணக் களைப்பு என்று நினைத்தாள்.

ஊருக்குக் கல்யாணிக்கு அவள்தான் செய்தி அனுப்பினாள். பாசியைப் பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை, அவன் இத்தாலியில் இருக்கிறான், வருவான். கல்யாணிக்குப் பாசியைப் பற்றி என்ன தெரியும்? மச்சாள் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

தொண்ணூறில் கல்யாணியும் அகதியாக லண்டனுக்கு வந்து அதே வீட்டில் மேல் அறையில் குடியேறினாள். கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் குங்குமம். சலவைக் கடையில் வேலை. ஆக்கிய சாப்பாட்டில் பாஸ்கரனுக்கென்று ஒரு பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள்.

அந்த வருடங்களில் அந்த வீட்டில் பாஸ்கரன் இல்லாத இடம் இல்லை. தொலைபேசி எடுத்தால் சில நேரம் அந்தப் பக்கம் ஒருவரும் பேச மாட்டார்கள். ஏதோ ஒரு மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். பிழையான இலக்கமாக இருக்கும் என்று ஆனந்தராஜா சொல்லுவார். சொல்லிவிட்டு அவரே அடுத்த தடவை ஓடிப்போய் எடுப்பார். ஆர்ச்வே ஸ்டேஷனில், ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்ப் பக்கத்து ரெயிலில் கதவோரம் தம்பி நிற்பதைச் சந்திரவதனா கண்டாள். அதே தோள், தலையைச் சரித்து நிற்கிற அதே நிலை. கையை உயர்த்துவதற்குள் ரெயில் போய்விட்டது. அவள் அடுத்த பக்கத்துக்கு ஓடி, அடுத்த ரெயிலைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் தேடிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாள்.

பிறகு படிக்கட்டின் அடியில் ஈரம் வந்தது. இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு, கம்பளத்தில் ஒரு நனைவு. துடைத்தால் மறுநாள் மறுபடியும் இருக்கும். குழாய் வேலைக்காரன் வந்து பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, குழாய் ஒன்றும் இந்தப் பக்கத்தால் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். கல்யாணி அதைத் தினமும் பழந்துணியால் ஒற்றி எடுப்பாள்.

"வந்திட்டுப் போறார் மச்சாள்" என்றாள் ஒரு நாள். "கனவிலையும் அப்பிடித்தான். கால் ரெண்டும் நனைஞ்சிருக்கும். ஏன் நனைஞ்சதெண்டு கேட்டால் சிரிப்பார்."

"இந்த நாட்டு வீடுகளில நிலத்து ஈரம் சுவரால ஏறும், கல்யாணி. அதுதான்."

"ஓம், அப்பிடியாத்தான் இருக்கும்" என்று கல்யாணி சொன்னாள். ஆனாலும் அதை மிதிக்காமல் தாண்டித்தான் போவாள். கொஞ்ச நாளில் சந்திரவதனாவும் தாண்டத் தொடங்கினாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு கலியாணப் பேச்சு வந்தது. வாசுதேவன் என்று ஒருவர், தபால் பிரிக்கிற இடத்தில் வேலை, மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர். மனோர் பார்க் கோயிலில் கல்யாணியைப் பல தடவை கண்டிருக்கிறார். ஆள் வைத்துக் கேட்டார். கேட்டது சந்திரவதனாவிடம்.

"புருசன் இருக்கிற பிள்ளையிட்டை வந்து என்ன கதை இது" என்று அவள் எரிந்து விழுந்தாள். வந்தவர் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனார். கல்யாணி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அன்றைக்குச் சமைத்த கறியில் உப்பே இல்லை. வாசுதேவன் அடுத்த வருடம் கனடாவில் பெண் எடுத்தார்.

பாலேந்திராவும் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். ஃபாரஸ்ட் கேட்டில் சொந்தமாகச் சாமான் கடை போட்டான், கலியாணம் கட்டினான், பிள்ளைகள் இரண்டு. தைப்பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் பெட்டி நிறைய மரக்கறி கொண்டுவந்து இறக்குவான். ஆனால் கல்யாணி முன்னால் வந்தால் அவனுக்கு அவசரம் வந்துவிடும். கூச்ச சுபாவம் என்று சந்திரவதனா அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சங்கத்துக்கு வருகிற பாசிகளின் பெயர் சரியா என்று பார்த்துச் சொல்லுகிற பொறுப்பு அவளிடம் இருந்தது. ஸ்கொட்லாந்து மலையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் அனுப்பிய பொதி ஒன்று வந்தது. பனி உருகி ஓடுகிற ஊற்றில் எடுத்ததாம். ஊற்றுப்பாசியின் லத்தீன் பெயரைப் போட்டிருந்தார். சந்திரவதனா நனைத்துப் பிரித்தாள். ஊற்றுப்பாசிதான். ஆனால் அதோடு பின்னிப் பிணைந்து வேறொன்றும் இருந்தது. தண்டு விறைப்பு. இலைகள் ஐந்து வரிசையாக, தண்டைச் சுற்றி லேசாகத் திருகி ஏறுகின்றன. மைக்கிறஸ்கோப்புக்கே போகத் தேவையில்லை, கைக்கண்ணாடியிலேயே தெரிந்தது. வடதுருவத்துப் பக்கமும் உயர்ந்த மலைகளிலும் மட்டும் வாழ்கிற இனம் அது. கோடையிலும் பனி கிடக்கிற இடத்துக் குளிர்ந்த ஊற்று அதற்கு வேண்டும். கீழே ஊருக்குள் வளராது.

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்கிற பிழைதான். ஒரு கொத்தில் ஒரு தண்டைப் பார்த்துவிட்டு, முழுக் கொத்துக்கும் அதே பெயரைப் போட்டுவிடுவது. அந்த மனிதருக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். ஒரு தண்டை மட்டும் பார்த்து ஒருநாளும் முடிவு கட்டாதீர்கள் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனையை மூட முடியவில்லை.

அலுமாரியைத் திறந்து வெள்ளித்தாளை எடுத்தாள். இத்தனை வருடமும் அந்த மடிப்பு அங்கே இருக்கிறது என்பதைத் தான் மறக்கவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அலுமாரியின் அந்தத் தட்டைத் துடைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறாள்.

தண்ணீரில் போட்டாள். எட்டு வருடம் காய்ந்து கிடந்தது மெதுவாக விரிந்தது. பச்சை வந்தது. தம்பி முன்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. ஓரத்துத் தண்டை இடுக்கியால் பிடித்துத் தூக்கினாள். ஐந்து வரிசை.

அவள் லேசில் விடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அதோடு சண்டை பிடித்தாள். காட்டாறு சில நேரம் மலைப் பாசியைப் பிய்த்துக் கீழே கொண்டுவரும். அப்படி வந்து குழாயடியில் ஒதுங்கியிருக்கலாம் அல்லவா? ஆனால் ஆறு கொண்டுவந்த பாசி அடிபட்டு, இலை கிழிந்து, மணல் படிந்து கிடக்கும். இதில் நுனிக் குருத்துக்கூடக் கெடவில்லை. இரண்டு இனமும் ஒரே சடையில் வேர்போன்ற பழுப்பு நாரால் பின்னிக் கிடந்தன. வளர்ந்த இடத்திலேயே கைவிட்டுப் பிடுங்கிய கொத்து. பாஸ்கரன் கீழே நிற்கவில்லை. பனிவரைக்கும் ஏறியிருக்கிறான்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனாள். காலை வேளை, கடையில் ஆள் இல்லை. பாலேந்திரா வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கோ அக்கா" என்று எழும்பினான். அவளுடைய முகத்தைக் கண்டதும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"பாலேந்திரா, அவன் மலையில ஏறினவன்."

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அடியாக விழுந்தது. போய்க் கடைக் கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பிவிட்டு வந்தான்.

"ஓம் அக்கா. ஏறினவன்."

"பிறகு ஏன் எனக்குப் பொய் சொன்னனீர்?"

"அவன்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவன். நீங்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுவம் எண்டுதான் அண்டைக்கு வந்தனான். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. உள்ள போய் அதை மைக்கிறஸ்கோப்பில வைச்சுப் பாத்திட்டு வந்து, நீர் சொன்னது சரி எண்டு மீன்குழம்பு விட்டனீங்கள். அதுக்குப் பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு பொங்கலுக்கும் இண்டைக்குக் கேப்பியள், இண்டைக்குக் கேப்பியள் எண்டுதான் வந்துபோனனான்."

அவள் அரிசி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"சொல்லும்."

பாலேந்திரா நின்றபடியே சொன்னான். "நாங்கள் நாலு பேர், வழி காட்ட ஒருத்தன். மேல எல்லாம் பனி. ஒரு இடத்தில பனிக்கு நடுவில பச்சைப் பசேல் எண்டு ஒரு ஊத்து. பாதையில இல்லை அக்கா, கீழ கொஞ்சம் இறங்கோணும். இவன் நிண்டிட்டான். உந்தப் பாசியை என்ர அக்கா கண்டா விடமாட்டா எண்டு சிரிச்சுக்கொண்டு இறங்கினவன். வேண்டாமெண்டு நான் கத்தினனான். பிடுங்கிப்போட்டுத் திரும்பேக்க காலுக்குக் கீழ பனி உடைஞ்சுது. உள்ளுக்குத் தண்ணி ஓடுதெண்டு ஆருக்குத் தெரியும்? இடுப்புவரைக்கும் போயிட்டான். இழுத்து எடுத்தம். கையைப் பொத்திக்கொண்டு வந்தான், விரிக்கேல்லை."

வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாத்தி உடுக்க ஒண்டுமில்லை. சப்பாத்துக்குள்ள தண்ணி. கொஞ்சத் தூரம் நடந்தான். பிறகு கால் இருக்கிறதே தெரியேல்லை எண்டான். ஒரு கல்லுக்குப் பக்கத்தில இருத்தினம். வழி காட்டினவன், நிண்டால் எல்லாரும் சாவியள் எண்டு கத்துறான், மேகம் இறங்குது. அப்பதான் அந்தப் பாசியை வெள்ளித்தாளில மடிச்சு என்ர பொக்கற்றுக்குள்ள வைச்சவன். அக்காட்டைக் குடு, நான் திரும்பிப் போயிட்டன் எண்டு சொல்லு, உதுக்காக இறங்கினனான் எண்டு மட்டும் சொல்லாதை எண்டான். நாங்கள் விட்டிட்டுப் போனம் அக்கா. உயிரோட இருந்தவன். விட்டிட்டுப் போனம். கீழ இறங்கிப் பொலிசுக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சம். பயத்தில ஒருத்தரும் சொல்லேல்லை."

சந்திரவதனாவுக்கு அழுகை வரவில்லை. தன்னுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றித் துடைத்தாள். தன்னுடைய ஆசைதான் அவனைக் கீழே இறக்கியது. ஒரு பிடி பாசி. அது தன்னிடம் இருந்தது, அதை அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

எழும்பி வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"கல்யாணிக்கு என்ன சொன்னவன்?"

பாலேந்திரா வெங்காயத்தைப் பார்த்தான். "ஒண்டும் சொல்லேல்லை அக்கா. உங்கட கதைதான் கதைச்சவன்."

"யோசிச்சுச் சொல்லும்."

"ஒன்பது வருசமா யோசிக்கிறன். அவவின்ர பேர் அவன்ர வாயில வரேல்லை. குளிரில மூளை வேலை செய்யாது அக்கா, அதைப் பிழையா எடுக்கக் கூடாது." பிறகு மெதுவாகச் சொன்னான். "ஏதாவது சொன்னவன் எண்டு நீங்கள் சொல்லுங்கோவன். என்னட்டைக் கேட்டால் நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன்."

அவள் பஸ் எடுக்கவில்லை, நடந்தே வந்தாள். வழி முழுக்க அந்தச் சொல்லைத் தேடினாள். கல்யாணியைக் கவனமாக இருக்கச் சொல்லு என்றானாம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றானாம். அது நன்றாக இருந்தது. ஆனால் வாசுதேவனைத் திருப்பி அனுப்பிய தான் அதைச் சொன்னால் நாக்கு அழுகும். அவளை நினைத்துக்கொண்டே இருந்தான் என்றாவது சொல்லலாம். பாலேந்திரா ஓம் என்பான். பனிக்கு மேலே போய் யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டில் கல்யாணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பின்நேர ஷிப்டுக்குப் போவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டுப் போவது அவளுடைய வழக்கம். சந்திரவதனா அடுக்களைக் கதவோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது தண்டு, ஐந்து வரிசை, பனி, தண்ணீர், கல், மேகம். கல்யாணி பானையைச் சரித்துப் பிடித்தபடியே கேட்டாள். கஞ்சி முழுக்க வடிந்து போன பிறகும் நிமிர்த்தவில்லை.

"அப்ப செத்திட்டார்" என்றாள் கடைசியில்.

"ஓம்."

"எண்பத்தாறிலயே."

"ஓம், கல்யாணி."

"பாதையால போன மனுசன் ஏன் மச்சாள் கீழ இறங்கினவர்?"

அதைச் சந்திரவதனா சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது சொன்னாள். தனக்குப் பாசி பிடுங்கத்தான் இறங்கினான் என்று. கல்யாணி பானையை நிமிர்த்தி அடுப்பில் வைத்தாள். அவள் சத்தம் போடுவாள், தன்மேல் கை ஓங்குவாள், வாசுதேவன் பேச்சை எடுப்பாள் என்று சந்திரவதனா எதிர்பார்த்து நின்றாள். அப்படி ஏதாவது செய்தால் நல்லது என்றுகூட இருந்தது. கல்யாணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்.

"எனக்கு என்ன சொல்லிவிட்டவர்?"

வழி முழுக்கத் தேடி வைத்த சொற்கள் சந்திரவதனாவின் வாய்வரைக்கும் வந்தன. கல்யாணியின் முகத்தில் அந்தச் சொல்லுக்கான இடமும் தயாராக இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை நம்புவாள், இந்த எட்டு வருடமும் நம்பியதைப்போல.

"ஒண்டும் சொல்லேல்லை, கல்யாணி."

"ஒண்டுமோ?"

"ஒண்டும் இல்லை."

கல்யாணி இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடியின் கொளுக்கியைத் தானே கழற்றினாள். மற்றப் பெண்கள் வந்து கழற்ற வேண்டும், அழ வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்றுக்கும் அவள் காத்திருக்கவில்லை. கொடியை எடுத்துச் சந்திரவதனாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இது உங்கட வீட்டுத் தாலி, மச்சாள்" என்றாள். "நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ."

சாவுச் செய்தி கேட்டால் தலைக்கு வார்க்க வேண்டும். அவள் படியேறி மேலே போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தமும், அதற்குப் பிறகு வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன.